பத்தடி பத்து அங்குலம்

நான் செய்யும் வேலையை ஒருவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். கட்டுமானக் கம்பெனியில் மதிப்பீடு போடுகிறேன் என்றால் எஞ்சினியரா என்பார்கள். இல்லை என்றால், அப்போ கிளார்க்கா என்பார்கள். அதுவும் இல்லை. ஒரு சுவர் எழும்புவதற்கு முன்பே அதற்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை லாரி மணல் என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சுவரை நான் பெரும்பாலும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே சக்கரம் கழற்றும் இரைச்சல், மேலே நான், எனக்கு முன்னால் கம்ப்யூட்டர். பதினேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

முதலில் கால்குலேட்டரும் எக்செல்லும் போதுமானதாக இருந்தன. பிறகு ஒருநாள் பினாங்கிலிருந்து ஒருவன் வந்து, சுவரில் படம் காட்டி, மதிப்பீடு போடும் மென்பொருள் ஒன்றை முதலாளி தலையில் கட்டிவிட்டுப் போனான். முதலாளி என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் எங்களுக்கெல்லாம் அவர் பாஸ்தான். வாங்கிப் போட்டதோடு அவர் கடமை முடிந்தது. ஆபீசில் யாரும் அதைத் தொடவில்லை. நான் தொட்டேன். எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றவர்கள் பயந்து ஒதுங்குகிற எதையும் நான் சும்மா விடமாட்டேன்.

அந்த மென்பொருளில் ஒரு சின்னப் பகுதி உண்டு. அதற்குள் போனால் நமக்கு வேண்டிய ஃபார்முலாவை நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். குளியலறையின் நீளம், அகலம் இரண்டை மட்டும் கொடுத்தால், சுவரில் ஐந்தடி உயரம் வரைக்கும் எத்தனை டைல்ஸ் என்று அதுவே சொல்லும்படி ஒன்று எழுதினேன். படிக்கட்டுக்கு ஒன்று, கால்வாய்க்கு ஒன்று. மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு எழுதினேன். சரியான விடை வந்து நிற்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். நாளடைவில் ஆபீசில் எனக்குக் கணக்கு அக்கா என்று பெயர் வந்தது. கேலியாகத்தான் தொடங்கினார்கள். நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்த மென்பொருளுக்கு மீட்டர் மட்டுமே தெரியும். எங்கள் மண்டோருக்கு அடி மட்டுமே தெரியும்.

மண்டோர் என்றால் வேலை நடக்கும் இடத்தில் ஆட்களையும் சாமான்களையும் கட்டி மேய்க்கிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கொத்தனாராக வந்து, கை சுத்தத்தால் மண்டோர் ஆனவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். பாஸுக்கும் அவர் அண்ணன்தான். சுங்கைப் பட்டாணியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்து, இன்னும் அங்கேயே இருக்கிறார். முன்பு ரப்பர், இப்போது செம்பனை. தோட்டத்து அம்மன் கோயிலில் நகைப்பெட்டி இருக்கும் அறையின் சாவி பல வருடமாக அவர் பொறுப்பு. எங்கள் கம்பெனி ஸ்டோர் சாவியும் அந்தக் கோயில் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும்.

"மீட்டர்ல சொன்னா எனக்குச் செவுரு கண்ணுல வரல தங்கச்சி. அடியில சொன்னாத்தான் வருது" என்பார். அளந்ததும் ஒரு பிளைவுட் துண்டில் பென்சிலால் எழுதி, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். எட்டடி ஆறு அங்குலம் என்றால் 8.6. ஏழடி பதினொன்று என்றால் 7.11. புள்ளிக்கு முன்னால் அடி, பின்னால் அங்குலம். எங்கள் கொத்தனார்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நான் ஒவ்வொன்றாகக் கால்குலேட்டரில் மீட்டராக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது அளவு. கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அதனால் அவருக்கென்றே ஒரு ஃபார்முலா எழுதினேன். அவர் எழுதியதை அப்படியே அடித்தால் போதும். புள்ளிக்கு முன்னால் இருப்பதை அடியாகவும் பின்னால் இருப்பதை அங்குலமாகவும் பிரித்து, அடியைப் பன்னிரண்டால் பெருக்கி, அங்குலத்தைக் கூட்டி, மொத்தத்தையும் மீட்டராக்கிக் கொடுக்கும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் அடி என்று அதற்குப் பெயர் வைத்தேன். 8.6 போட்டுப் பார்த்தேன், சரி. 12.9 போட்டேன், சரி. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வந்தால் குழம்புமோ என்று 7.11 போட்டேன். அதுவும் சரி. பதினொன்றே சரியாக வந்த பிறகு பத்தை யார் சோதிப்பார்கள்? நான் சோதிக்கவில்லை.

அடுத்த வேலை அவருடைய தோட்டத்திலேயே வந்தது. பழைய தொழிலாளர் வீடுகள் முப்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் புதிதாக ஒரு சமையலறை எழுப்ப வேண்டும். எல்லாம் ஒரே அளவு. பின்னால் நீளும் பக்கச் சுவர்கள் இரண்டும் பத்தடி பத்து அங்குலம், அகலம் பன்னிரண்டடி, உயரம் ஒன்பதடி. அண்ணன் பிளைவுட்டில் 10.10 என்று எழுதி அனுப்பினார். நான் அதை அப்படியே அடித்தேன். இத்தனை கல், இத்தனை டைல்ஸ் என்று வந்தது. முப்பத்தாறால் பெருக்கினேன். காலை பத்து மணிக்குத் தொடங்கி தேத்தண்ணி குடிப்பதற்குள் வேலை முடிந்தது. பாஸ் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, காசு போட்டு வாங்குனது வீண் போகல" என்றார். எனக்கு வானத்தில் பறக்காத குறை.

முதல் வீட்டிலேயே கல் பத்தவில்லை. அண்ணன் போன் போட்டார்.

"தங்கச்சி, எழுவத்தஞ்சு கல்லு கொறையுது. டைல்ஸும் கடைசி வரிசைக்கு இல்ல."

"ஒடைஞ்சிருக்கும் அண்ணே. ஏத்தி எறக்குறப்ப பாத்து எறக்கச் சொல்லுங்க."

"ஒடைசலு தனியா வெச்சிருக்கேன்மா. பத்துப் பன்னெண்டு கல்லுதான் ஒடைஞ்சது."

"கணக்கு சரியாத்தான் அண்ணே இருக்கு. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்."

இரண்டு தடவை பார்த்தது உண்மை. இரண்டு தடவையும் கம்ப்யூட்டர் சொன்னதைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவே இல்லை. பதினேழு வருடம் கணக்குப் போட்டவளுக்கு!

இரண்டாவது வீட்டிலும் குறைந்தது. மூன்றாவதிலும். ஒவ்வொரு வீட்டிலும் எழுபத்தைந்து கல், எழுபத்தெட்டு கல், கடைசி வரிசை டைல்ஸ். இப்போது நினைத்தால் என் மூளையைக் கழற்றிக் கழுவலாம் போலிருக்கிறது. எந்தத் திருடன் வீட்டுக்கு வீடு எண்ணி எழுபத்தைந்து கல் எடுப்பான்? எவன் டைல்ஸைப் பெட்டியோடு தூக்காமல் கடைசி வரிசையை மட்டும் தூக்குவான்? ஆனால் அப்போது என் மனத்தில் ஓடியது வேறு. தன் தோட்டம், தன் சனம், கொஞ்சம் கைமறதியாகப் போயிருக்கும் என்று நினைத்தேன். வாயால் சொல்லவில்லை. நினைத்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

இருபது வீடு தாண்டியதும் பாஸ் கணக்குக் கேட்டார். மதிப்பீட்டுத் தாளையும், கூடுதலாக இறக்கிய கல்லின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். "காடில ஏறு, சைட்டுக்குப் போவோம்" என்றார். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் காரில் ஏறினேன்.

நாங்கள் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஆட்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை முடித்து வந்த தோட்டத்துப் பெண்கள் சிலர் வாசலில் நின்றார்கள். பாஸ் ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமாக நடந்து வந்தவர், ஒரு வீட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அங்கே துணி துவைக்கும் மேடை ஒன்று புதிதாக, இடுப்பளவு உயரத்தில், சிமெண்டு பூசிப் பளிச்சென்று இருந்தது. அது அண்ணனின் தங்கை வீடு.

"இது எப்பக் கட்டுனது?"

"போன மாசம் பாஸ். என் கூடப்பொறந்தவளுக்கு முழங்கால் நோவு. குனிஞ்சு தொவைக்க முடியல. நாந்தான் கட்டிக் குடுத்தேன்" என்றார் அண்ணன். "கல்லு நம்ம கல்லு இல்ல பாஸ். பழைய கல்லு."

"வீட்டுக்கு எழுவத்தஞ்சு கல்லு காணோம். இங்க புது மேடை நிக்குது. பழைய கல்லுங்கிறீங்க."

"எண்ணித்தான் வெச்சேன் பாஸ். எறக்குனதே பத்தல."

பாஸ் என் பக்கம் திரும்பினார். "கம்ப்யூட்டர் என்னம்மா சொல்லுது?"

அண்ணனும் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் தாளைப் பார்த்துக்கொண்டே, "கணக்கு சரியாத்தான் இருக்கு பாஸ்" என்றேன்.

நாலே வார்த்தை. அதற்குப் பிறகு பாஸ் சத்தம்கூடப் போடவில்லை. "மண்டோர், ஸ்டோர் சாவியக் குடுங்க" என்றார். அத்தனை வருடத்தில் அவரை அண்ணே என்று சொல்லாமல் மண்டோர் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அண்ணன் இடுப்பிலிருந்து வளையத்தை எடுத்தார். ஸ்டோர் சாவியை மட்டும் கழற்ற வேண்டும், கோயில் சாவி அவரிடமே இருக்க வேண்டும். வளையம் இறுகியிருந்தது. சிமெண்டு தின்ற விரலில் நகம் இல்லை. பிரிக்கப் பிரிக்க வழுக்கியது. யாரும் கை நீட்டவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அது கழன்று வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் தங்கை பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அண்ணன் வேலைக்கு வரவில்லை. ஸ்டோர் சாவி பாஸின் மச்சானிடம் போனது. அவருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கல் பத்தவில்லை. ஆனால் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நேரே கடைக்குப் போன் போட்டு வேண்டியதை இறக்கிக்கொண்டார். அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை.

அப்புறம் ஒரு புதன்கிழமை. அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு மதிப்பீடு போட்டுக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற நேரம். ஜன்னல்களின் பட்டியல். ஒரு ஜன்னல் ஐந்தடி பத்து அங்குலம், அதற்கு அடுத்தது ஐந்தடி ஒரு அங்குலம். முதல் வரியில் 5.10 அடித்தேன். இரண்டாவது வரியில் 5.1 அடித்தேன். விடை இரண்டுக்கும் 1.55 மீட்டர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றது.

முக்கால் அடி வித்தியாசம் உள்ள இரண்டு ஜன்னலுக்கு எப்படி ஒரே விடை?

உற்றுப் பார்த்தேன். முதல் வரியிலும் 5.1 என்றுதான் இருந்தது. நான் அடித்த பூஜ்யத்தைக் காணோம். திரும்ப 5.10 என்று அடித்து எண்டரைத் தட்டினேன். என் கண்ணெதிரே பூஜ்யம் மறைந்தது. கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை. புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டிலேயே படித்திருக்கிறேன். அதற்கும் அதே பாடம்தான் தெரியும். பூஜ்யம் போனதும் என் ஃபார்முலா வந்து, புள்ளிக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, எனவே ஒரு அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும். பதினொன்று பிழைக்கும். ஒன்று முதல் ஒன்பது வரை பிழைக்கும். பத்து மட்டும் செத்துப் போகும். தோட்டத்து வேலையிலும் அந்தப் பெட்டியில் 10.1 என்று நின்றதை எத்தனையோ முறை பார்த்தவள் நான். பத்து புள்ளி ஒன்றும் பத்து புள்ளி பத்தும் ஒன்றுதானே என்று படித்த கண் தாண்டிப் போயிருக்கிறது.

இப்போதுதான் தாளையும் பென்சிலையும் எடுத்தேன். ஒரு சுவரில் ஒன்பது அங்குலம் குறைகிறது. ஒன்பதடி உயரம், இரண்டு சுவர். அதற்கு எத்தனை கல்? எழுபத்தைந்து. தரையில் ஒன்பது அங்குலத்துக்குப் பன்னிரண்டடி, அதாவது கடைசி வரிசை டைல்ஸ். போனை எடுத்து அண்ணன் அனுப்பிய பழைய செய்திகளைத் தேடினேன். "கல்லு 75 பத்தல தங்கச்சி." "75." "78." "கடசி வரிச டைல்ஸ் இல்ல." வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும், கணக்கு சரி அண்ணே என்று என் பதில்.

ஃபார்முலாவைத் திருத்த எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி என்று இரண்டாகப் பிரித்தேன். முடிந்தது.

பாஸ் பக்கத்து அறையில்தான் இருந்தார். எழுந்து போய் மூன்று எட்டு வைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். நான் எழுந்தேன். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். வியாழன் பாஸ் ஊரில் இல்லை. வெள்ளி அவர் எதற்கோ கடுப்பாக இருந்தார். சனி அரை நாள். இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரியது இன்னொன்று. கணக்கு அக்கா தப்புக் கணக்குப் போட்டாள் என்று கீழே டயர்க் கடை வரைக்கும் சிரிப்பார்களே என்ற வெட்கம். ஒரு மனிதனின் பெயருக்கு எதிரே என் பட்டப்பெயரை வைத்துத் தராசு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மணல் லாரி ஓட்டுபவர் ரசீது கொடுக்க மாடிக்கு வந்தார். அவரும் அதே தோட்டம்தான்.

"நம்ம மண்டோரு சங்கதி தெரியுமாக்கா? நேத்துக் கோயில்ல கூட்டம். திருவிழாப் பேச்சு பேசலாம்னு உக்காந்தோம். எவனோ ஒருத்தன் பின்னால இருந்து, மொதல்ல நகைப்பெட்டிய எண்ணிப் பாருங்கன்னு சொல்லிட்டான். மண்டோரு எந்திரிச்சாரு. சாவிய எடுத்து அம்மன் முன்னாடி வெச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு. காலைல கோலா கெடாவுக்குப் போயிட்டாராம். அங்க யாரோ வேலைக்குக் கூப்பிட்டாங்களாம்."

ரசீதில் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, வேறு பேனா எடுத்துப் போட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படியும் சாவி போய்விட்டது, இனி ஒருநாள் முன்னே பின்னே சொன்னால் என்ன என்று மனம் ஒரு புதுக் கணக்குப் போட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. மறைத்த பிறகு அந்தச் சோற்றை விழுங்குவதுதான் கஷ்டம். அந்த வாரம் எனக்கு ஒருவேளைச் சாப்பாடும் ஒழுங்காக இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனின் தங்கை வந்தாள்.

கீழே தடதடவென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு வேனிலிருந்து உரச் சாக்கு உரச் சாக்காகக் கல்லை இறக்கி, டயர்க் கடை ஓரமாக எங்கள் மாடிப்படிக்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்காலைப் பிடித்தபடி அவள் நின்றிருந்தாள். பாஸ் இறங்கிப் போனார். நானும் பின்னால் இறங்கினேன்.

"எங்கண்ணன் உங்க கல்ல எடுத்துக் கட்டிக் குடுத்துச்சுன்னு சொன்னீங்கள்ல பாஸ். ஒடைச்சுக் கொண்டாந்துட்டேன். எண்ணிக்குங்க."

பாஸ் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மேலே பூசிய சிமெண்டு பெயர்ந்து, உள்ளே செக்கச்செவேலென்று, கனமாக, ஓரத்தில் கரி படிந்து இருந்தது. தோட்டத்தில் அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய புகைக்கூடத்தை இடித்தபோது ஒதுங்கிய கல். நாங்கள் இறக்கியது சாம்பல் நிறச் சிமெண்டுக் கல். பூச்சுக்கு மேலே பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? உடைத்துப் பார்க்கும்படி அண்ணனும் சொல்லவில்லை. தங்கை துவைக்கிற மேடையை உடைத்துத்தான் தன்னை நிரூபிக்க வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

"சரிக்கா" என்றார் பாஸ். குரல் இறங்கியிருந்தது. "அப்ப எங்க கல்லு எங்கதான் போச்சு?"

"அத உங்க கம்ப்யூட்டரக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"பாஸ், கம்ப்யூட்டர்ல ஒரு தப்பு இருக்கு" என்றேன். அப்போதும் என் வாய் கம்ப்யூட்டரைத்தான் சொன்னது. அவள் கண்ணை எடுக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல இல்ல. நான் எழுதுன ஃபார்முலால. பத்து அங்குலத்த அது ஒரு அங்குலம்னு எடுத்துக்கிச்சு. அண்ணன் கேட்ட கல்லு அத்தனையும் நியாயமான கல்லு."

பாஸ் அந்தக் கல் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா நீ" என்று மட்டும் சொன்னார். எப்போது கண்டுபிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்று முணுமுணுத்தபடி அண்ணனின் தங்கை வேனில் ஏறினாள்.

அன்று மாலை பாஸ் மச்சானிடமிருந்து ஸ்டோர் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார். "எனக்கு அவரு மூஞ்சில முழிக்கத் தெம்பு இல்ல. நீயே போய்க் குடுத்துட்டு, கையோட கூட்டிட்டு வா." என்னை வேலையை விட்டு எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அந்த மென்பொருள் வேறு யாருக்கும் தெரியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோலா கெடாவுக்குப் போனேன். லங்காவி ஃபெர்ரி ஏறும் துறைக்குப் பக்கத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. அதற்குள் அண்ணன் தரைக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்து, நாற்காலி எடுத்துப் போட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் உட்காரவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். பூஜ்யம் காணாமல் போனதைப் புரியவைக்க ஒரு டைல்ஸின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில் லேசாகச் சிரித்தார்கூட.

"பத்து மட்டும் வரலையா? நம்ம வீடு முப்பத்தாறும் பத்தாவுல்ல போச்சு."

"மன்னிச்சுக்குங்க அண்ணே."

"கணக்குன்னா தப்புறதுதான் தங்கச்சி. நானும் எத்தன செவுத்தக் கோணலாக் கட்டி இடிச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். "எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"போன வாரம் எப்ப?"

"புதன்கிழமை அண்ணே."

அவர் நான் எழுதிக் காட்டிய டைல்ஸைத் திருப்பி வைத்தார். வெளியே ஃபெர்ரிக்கு ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"கூட்டம் ஞாயித்துக்கெழம" என்றார்.

"ஆமாண்ணே."

நான் சாவியை நீட்டினேன். பாஸ் கொடுத்தனுப்பியதைச் சொன்னேன். அவர் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"ரெண்டு சாவி இருந்துச்சு தங்கச்சி. நீ ஒன்னுதான் கொண்டாந்திருக்கே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். "நான் தோட்டத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன் அண்ணே. என் தப்புதான்னு சொல்றேன்."

"சொல்லு" என்றார். "புதன்கெழமங்கிறதையும் சேத்துச் சொல்லு." பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து டைல்ஸ் பதிக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து எல்லோரும் கொட்டகையில் உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன். அளவு நாடாவை விரித்துக் காட்டினேன். போனில் 10.10 அடித்துக் காட்டினேன். நான்கைந்து பேர் தங்கள் போனிலும் அடித்துப் பார்த்து, அட ஆமாம் என்றார்கள். மண்டோரு தங்கமான மனுசன்னு எங்களுக்கு அப்பவே தெரியுமே என்று ஒருவர் சொன்னார். அவர்தான் நகைப்பெட்டியை எண்ணச் சொன்னவரோ என்னவோ. இவ்வளவு தூரம் வந்து ஒத்துக்கிட்டீங்களே, அதுக்கே பெரிய மனசு வேணும் என்று இன்னொருவர் என்னைப் பாராட்டினார். யாரோ ஒரு பெண் எனக்கு மைலோ கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனின் தங்கை பின்வரிசையில் உட்கார்ந்து, நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மைலோவைக் குடித்தேன்.

கோயில் சாவி அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. கொடுத்ததை உடனே பிடுங்க முடியாது, திருவிழா முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். திருவிழா முடிந்தது. அண்ணன் வரவில்லை. கோலா கெடாவிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று லாரிக்காரர் சொன்னார். ஸ்டோர் சாவி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்தச் சிவப்புக் கல்லை டயர்க் கடைக்காரர்கள் காடி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டாகக் கொடுக்கிறார்கள். காலையில் மாடி ஏறும்போது அதைத் தாண்டித்தான் ஏறுகிறேன்.

தோட்டத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். அண்ணன் சாவியை வைத்துவிட்டுப் போன கூட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் தெரிந்தது அதற்கு முந்திய புதன்கிழமை.